வலை முடிச்சிலிருந்து தொடங்கலாம் கிராஃப் தியரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பள்ளிப் பாடத்தைத் தாண்டிச் சொல்லித்தர ஆள்தான் பக்கத்தில் கிடைப்பதில்லை. கணித ஒலிம்பியாட் தகுதித் தேர்வை எழுத நினைக்கும் பிள்ளையும், பின்னாளில் கேட் எனும் முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வில் கணினி அறிவியல் எழுதப்போகும் பிள்ளையும் சந்திக்கும் ஒரு பகுதி கிராஃப் தியரியும் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படங்களின் கணிதம்) காம்பினேட்டரிக்ஸும் (எண்ணும் கலை). ஆசிரியர் இல்லாமல் தானே படித்துத் தேற ஏற்ற பகுதியும் இதுவே. நுண்கணிதம் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். பத்தாம் வகுப்பு இயற்கணிதமும் பதினோராம் வகுப்பில் வரும் கணிதத் தொகுத்தறிதலும் (n-க்கு உண்மை என்றால் n+1-க்கும் உண்மை என்று காட்டி நிறுவும் முறை) இருந்தால் உள்ளே நுழைந்துவிடலாம்.

ஆனாலும் ஆசையாகத் தொடங்குபவர்களில் பலர் மூன்றாம் அத்தியாயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். புத்தகம் கிடைக்காததால் அல்ல. ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் காணொலிகள் கைபேசியிலேயே இலவசமாக இருக்கின்றன. கதை படிப்பதுபோல் படிப்பதுதான் காரணம். இந்தப் பாடத்தில் ஒவ்வொரு வரியும் பார்த்த உடனே புரிந்ததுபோல் இருக்கும். பயிற்சிக் கணக்குக்கு வந்தால் கை ஓடாது. தேற்றத்தைச் சின்னச் சின்ன உருவங்களில் கையால் போட்டுப் பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனால் இப்படித்தான் ஆகும்.

எல்லாப் புத்தகங்களிலும் முதலில் வருவது 1736-இல் ஆய்லர் தீர்த்த கோனிக்ஸ்பர்க் பாலக் கணக்கு. ஏழு பாலங்களில் ஒவ்வொன்றையும் ஒரே தடவை மட்டும் கடந்து நடந்துவர முடியுமா? நான்கு நிலப்பகுதிகளில் வந்து சேரும் பாலங்கள் 5, 3, 3, 3. நான்கும் ஒற்றைப்படை என்பதால் முடியாது. நிலத்தைப் புள்ளியாகவும் பாலத்தைக் கோடாகவும் எடுத்துக்கொண்டால் விதி இதுதான்: ஒற்றைப்படைக் கோடுகள் சேரும் புள்ளிகள் ஒன்றுமே இருக்கக் கூடாது, அல்லது சரியாக இரண்டு இருக்க வேண்டும், கோடுகள் எல்லாம் ஒரே துண்டாகச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று ஜெர்மன் ஊராக இருந்த கோனிக்ஸ்பர்க்கின் பழைய படத்தை மனப்பாடம் செய்வதற்குப் பதில், நம் கரையில் வலை சீர்செய்யும் இடத்தில் சற்று நின்று பார்க்கலாம். அங்கே நடப்பது இதே தேற்றம்.

முடிச்சு போட்ட வலையில் நடுவிலுள்ள ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு நூல்கால்கள் பிரிகின்றன. வலை கிழிந்தால் ஓட்டையின் ஓரத்தில் சில முடிச்சுகளில் மூன்று கால் மிஞ்சும், சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் ஒன்றே ஒன்று. கைதேர்ந்தவர் எடுத்தவுடன் ஊசியைத் தொடமாட்டார். முதலில் கத்தியால் ஓரத்தைத் திருத்துவார். மூன்று கால் முடிச்சு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக இரண்டு மட்டும் இருக்க வேண்டும். ஓரத்தின் மற்ற முடிச்சுகள் எல்லாம் இரண்டு கால் முடிச்சுகளாக வேண்டும். பிறகு மேல் முடிச்சில் நூலைக் கட்டிக் கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டு வந்தால், நடுவில் எங்கும் நூலை அறுக்காமல் கீழ் முடிச்சில் வந்து முடியும்.

ஏன் முடிகிறது? காணாமல்போன நூல்கால்களை மட்டும் ஒரு படமாக எண்ணிப் பாருங்கள். மூன்று கால் மிஞ்சிய முடிச்சில் ஒன்று குறைகிறது: ஒற்றைப்படை. இரண்டு மிஞ்சிய முடிச்சில் இரண்டு குறைகின்றன: இரட்டைப்படை. ஓட்டையின் நடுவில் முடிச்சே இல்லாத இடத்தில் நான்கும் குறைகின்றன: அதுவும் இரட்டைப்படை. ஆகவே திருத்திய ஓட்டையில் ஒற்றைப்படை இடங்கள் இரண்டே. ஆய்லர் சொன்ன நிபந்தனை அப்படியே நிறைவேறுகிறது. நூல் தொடங்கும் இடமும் முடியும் இடமும் அந்த இரண்டுதான்.

ஒற்றைக் காலில் தொங்கும் முடிச்சை ஏன் விட்டுவைப்பதில்லை என்பதும் இதிலிருந்தே வருகிறது. அங்கே மூன்று குறைகின்றன, அதாவது ஒற்றைப்படை. மிஞ்சிய காலை அறுத்தால் அது நான்கு குறையும் இடமாகிவிடும். ஆனால் அறுத்த நூலுக்கு மறுமுனை ஒன்று உண்டு. அந்த முடிச்சிலும் ஒரு கால் குறைந்து அதன் கணக்கும் மாறும். ஒரு நூலை அறுத்தால் எப்போதும் இரண்டு முனைகளிலும் கணக்கு மாறுகிறது. கிழியாத வலையில் ஒற்றைப்படை இடங்கள் பூஜ்யம். அங்கிருந்து ஒவ்வொரு அறுப்பும் அந்த எண்ணிக்கையை இரண்டு கூட்டும், அல்லது இரண்டு குறைக்கும், அல்லது அப்படியே விடும். எனவே எப்படிக் கிழிந்தாலும் ஒற்றைப்படை இடங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும். புத்தகத்தில் கைகுலுக்கல் தேற்றம் என்று வருவது இதுதான். மூன்று கால் முடிச்சுகள் இரண்டு அடுத்தடுத்து ஒரே நூலால் இணைந்து நின்றால் அந்த நூலை அறுத்தால் போதும். இரண்டும் ஒரே சமயத்தில் சரியாகிவிடும்.

இதை வாசித்ததோடு விடக் கூடாது. கட்டத்தாளில் பக்கத்துக்கு ஆறு கட்டம் வைத்து ஒரு சதுரம் வரைந்து, நடுவில் பத்துப் பன்னிரண்டு கோடுகளை அழியுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை கோடு குறைகிறது என்று எழுதுங்கள். மேலும் சில கோடுகளை அழித்து ஒற்றைப்படைப் புள்ளிகளை இரண்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பென்சிலை எடுக்காமல் நிரப்புங்கள். இரண்டுதான் இருக்கிறது, ஆனாலும் நிரப்ப முடியவில்லை என்றால் அழித்த பகுதி இரண்டு தனித்தனி ஓட்டைகளாக இருக்கும். ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மறப்பதுதான் இந்தத் தேற்றத்தில் மாணவர்கள் செய்யும் முதல் பிழை.

வாசலில் போடும் சிக்குக் கோலத்தையும் ஆய்லர் தேற்றத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். கோலத்தில் கம்பிகள் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் நான்கு கோடுகள் சேர்வதால் ஆய்லர் சொன்னபடி எல்லாக் கோலத்தையும் கை எடுக்காமல் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் கோலத்தில் வெட்டுமிடத்தில் திரும்பக் கூடாது, நேராகத்தான் போக வேண்டும். அதனால் அது வேறு கேள்வி. புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையில் எல்லாம் கம்பிகள் வெட்டும்படி போட்டால், வரும் இழைகளின் எண்ணிக்கை இரு பக்கப் புள்ளி எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. 3க்கு 4 என்றால் ஒரே இழை, 4க்கு 4 என்றால் நான்கு இழைகள். நிபந்தனை ஒன்று மாறினால் விடை எவ்வளவு மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்து, முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய ஒரு வேலை. நான்கு புள்ளிகளை வைத்து, இரு புள்ளிகளுக்கு இடையே ஒரு கோட்டுக்கு மேல் இல்லாமல், வெவ்வேறு வடிவமுள்ள எல்லாப் படங்களையும் வரையுங்கள். புள்ளிகளுக்குப் பெயர் வைத்தால் 64 படங்கள். ஆறு ஜோடிகளில் ஒவ்வொன்றுக்கும் கோடு உண்டு, இல்லை என்ற இரண்டு வாய்ப்புகள். பெயரை நீக்கிவிட்டால் 11 தான். கோடுகளின் எண்ணிக்கை 0 முதல் 6 வரை போகும்போது முறையே 1, 1, 2, 3, 2, 1, 1. அவற்றில் ஒரே துண்டாக இருப்பவை 6. பெரும்பாலும் முதல் தடவை 12 அல்லது 13 வரும். ஒரே படத்தைச் சாய்த்து வரைந்துவிட்டு இரண்டாக எண்ணுவார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் சேரும் கோடுகளை எண்ணி இறங்குவரிசையில் எழுதி ஒப்பிட்டால் பிழை தெரியும். ஆனால் அந்த வரிசை ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒரே படம் என்று முடிவுகட்டவும் கூடாது. ஆறு புள்ளிகளில் ஓர் அறுகோணமும் இரண்டு தனி முக்கோணங்களும் வரைந்து பாருங்கள். இரண்டிலும் எல்லாப் புள்ளிகளிலும் இரண்டு கோடுகள்தான். ஒன்று ஒரே துண்டு, மற்றது இரண்டு துண்டு.

வாக், ட்ரெயில், பாத் என்ற மூன்று சொற்களுக்கும் புத்தகத்துக்குப் புத்தகம் பொருள் சற்று மாறும். எதையும் திரும்பத் தொடலாம் என்பது வாக், கோடு திரும்ப வரக் கூடாது என்பது ட்ரெயில், புள்ளியே திரும்ப வரக் கூடாது என்பது பாத் என்பதுதான் பரவலான வழக்கு. கையிலுள்ள புத்தகத்தின் வரையறையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

மரங்கள் பற்றிய பகுதியில் நிதானம் வேண்டும். ஒரே துண்டாகவும் சுற்று (கோடு திரும்ப வராமல் கிளம்பிய புள்ளிக்கே வந்து சேரும் வழி) இல்லாமலும் இருக்கும் படம் மரம். n புள்ளிகள் இருந்தால் கோடுகள் n−1. மானாமதுரையிலிருந்து பரமக்குடி, இராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாக இராமேசுவரம் வரும் ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோட்டை எடுத்தாலும் படம் இரண்டாகிவிடும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையிலான ஒரே கோடு இல்லாமல்போய், தீவு ரயில் படத்திலிருந்து துண்டாகி நின்றது. 1988 முதல் இருக்கும் சாலைப் பாலத்தையும் படத்தில் சேர்த்தால் அங்கே ஒரு சுற்று உண்டாகிறது; பிறகு அந்த இரண்டில் எதை எடுத்தாலும் தீவு துண்டாகாது. ஒரு கோடு ஏதாவது சுற்றில் இருந்தால் மட்டுமே அதை நீக்கினாலும் படம் துண்டாகாது என்பது தேற்றம். இரு பக்கமும் நிறுவிப் பாருங்கள். நான்கைந்து வரிகளில் முடியும்.

தொகுத்தறிதலில் தனியாகப் படிப்பவர்கள் விழும் பெரிய குழி ஒன்று உண்டு. அதை விரிவாகவே சொல்ல வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் குறைந்தது ஒரு கோடாவது இருந்தால் படம் ஒரே துண்டாக இருக்கும் என்று ஒருவர் சொல்கிறார். நிரூபணமும் தருகிறார்: n புள்ளிகளுக்கு உண்மை என்று கொள்வோம், புதுப் புள்ளி ஒன்றைச் சேர்ப்போம், அதற்கும் ஒரு கோடாவது இருக்க வேண்டும் என்பதால் அது பழைய படத்தோடு ஒட்டிக்கொள்ளும், எனவே n+1 புள்ளிகளுக்கும் உண்மை. படிக்கும்போது குறை தெரியாது. ஆனால் தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் ஒரு கோடு, தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் ஒரு கோடு என்று மட்டும் வரைந்தால் நிபந்தனை சரியாக இருக்கிறது, படமோ இரண்டு துண்டு. பிழை எங்கே? இந்த நான்கு புள்ளிப் படத்திலிருந்து எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதன் ஜோடி கோடே இல்லாமல் நின்றுவிடும். அதாவது, நிபந்தனைக்கு உட்பட்ட மூன்று புள்ளிப் படம் எதற்கும் ஒரு புள்ளியைச் சேர்த்து இதை உண்டாக்கவே முடியாது. n-இலிருந்து மேலே கட்டிக்கொண்டு போகும்போது இப்படிச் சில படங்கள் கணக்கிலேயே வராமல் போய்விடுகின்றன.

சரியான வழி தலைகீழ். n+1 புள்ளிகள் உள்ள ஏதோ ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு புள்ளியை நீக்குங்கள். மிஞ்சியதிலும் நிபந்தனை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால்தான் மேலே போகலாம். மரத்துக்கு n−1 கோடுகள் என்பதை இப்படி நிறுவும்போது, ஒரே கோடு சேரும் புள்ளி, அதாவது இலை, மரத்தில் உண்டு என்று முதலில் காட்ட வேண்டும். மரத்தின் மிக நீளமான பாதையின் கடைசிப் புள்ளியைப் பாருங்கள்: அதற்கு இன்னொரு கோடு இருந்தால் பாதை இன்னும் நீளும், அல்லது சுற்று வந்துவிடும். இரண்டும் நடக்காது என்பதால் அது இலை. அதை நீக்கினால் மிஞ்சுவதும் மரம்தான். இந்த ஒரு நிரூபணத்தைப் பார்க்காமல் எழுதத் தெரிந்தால் அடுத்த ஐம்பது பக்கங்கள் எளிதாகிவிடும்.

இனி எண்ணும் கலை. தமிழ் படித்த எல்லோருக்கும் இதன் முதல் பாடம் தெரியும். 12 உயிர், 18 மெய், இரண்டையும் பெருக்கினால் 216 உயிர்மெய். ஆய்தம் ஒன்றையும் சேர்த்தால் 247. ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் பெருக்கு, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்றால் கூட்டு. கேள்வியைப் பார்த்தவுடன் எந்தச் சூத்திரம் என்று தேடும் பழக்கத்தை விட்டுவிட்டு, எதை முதலில் தேர்ந்தெடுக்கிறேன், எதை அடுத்து என்று தமிழில் ஒரு வாக்கியம் எழுதினால் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

பிழை வருவது பெரும்பாலும் ஒன்றையே பல தடவை எண்ணுவதால். கடற்பாசி எடுப்போர் குழுவில் 5 பெண்கள், 4 ஆண்கள். மூன்று பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். பலர் போடும் விடை: முதலில் ஒரு பெண்ணை 5 வழிகளில் எடுப்போம், மீதி எட்டுப் பேரில் இருவரை 28 வழிகளில் எடுப்போம், 5 × 28 = 140. நிபந்தனையே இல்லாமல் ஒன்பதில் மூன்றை எடுக்கும் வழிகள் 84 மட்டுமே என்று பார்த்த உடனே இது தவறு என்று தெரிந்துவிடும். சரியான விடை, ஆண்கள் மட்டுமே உள்ள 4 குழுக்களைக் கழித்து, 80. 140 எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பெண் உள்ள குழுக்கள் 30, இருவர் உள்ளவை 40, மூவரும் பெண்களாக உள்ளவை 10. முதல் வகை ஒரு தடவையும், இரண்டாம் வகை இரண்டு தடவையும், மூன்றாம் வகை மூன்று தடவையும் எண்ணப்பட்டிருக்கின்றன: 30 + 80 + 30 = 140. தவறான விடை எப்படி வந்தது என்று இப்படி விளக்க முடிந்தால் அந்தப் பிழை திரும்ப வராது. சரியான விடையைப் பார்த்துத் திருத்திக்கொள்வதோடு நிறுத்தினால் வரும்.

இன்னொரு இடம்: பொருள்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா, வேறுவேறா? 10 ஐஸ் பெட்டிகளை 4 படகுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பெட்டிகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் 286 வழிகள். ஒவ்வொரு படகுக்கும் ஒன்றாவது வேண்டும் என்றால் 84. பெட்டிகளுக்கு எண் போட்டு வேறுபடுத்திவிட்டால் 4-இன் பத்தாம் அடுக்கு, அதாவது பத்து லட்சத்துக்கும் மேல். முதல் விடைக்கு, 10 பெட்டிகளையும் 3 தடுப்புகளையும் வரிசையில் வைப்பதாக நினைத்து 13 இடங்களில் 3 இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மூன்றையும் 3 பெட்டி, 2 படகு என்று சுருக்கி, விரலால் எண்ணி முறையே 4, 2, 8 வருகிறதா என்று சரிபார்த்த பிறகே சூத்திரத்தை நம்புங்கள்.

எந்த வரிசையில் படிப்பது என்று கேட்டால்: வரையறைகளும் படிகளும் (ஒரு புள்ளியில் சேரும் கோடுகளின் எண்ணிக்கையே அதன் படி), மரங்கள், எண்ணும் விதிகள், புறாக்கூண்டு விதி (கூண்டுகளைவிடப் புறாக்கள் அதிகமானால் ஒரு கூண்டிலாவது இரண்டு இருக்கும்), பிறகு ஜோடி சேர்த்தல், கடைசியில் தளப்படங்களும் (கோடுகள் வெட்டாமல் வரையக்கூடிய படங்கள்) நிறம் தீட்டலும். மரங்களையும் எண்ணுதலையும் ஒன்றாக வைத்துப் படிப்பது நல்லது. பெயரிட்ட 4 புள்ளிகளில் 16 மரங்கள், 5 புள்ளிகளில் 125 என்று கெய்லியின் விதி சொல்கிறது. 125-ஐயும் வரைய வேண்டாம். நேர்கோடாக நிற்பவை 60, ஒரு புள்ளியில் மூன்றாகக் கிளைப்பவை 60, எல்லாம் ஒரே புள்ளியில் சேர்பவை 5 என்று பிரித்து எண்ணிப் பாருங்கள். ஜோடி சேர்த்தலில் 1935-இல் ஹால் தந்த தேற்றம் வரும்வரை போய்விட்டால் கல்லூரி முதல் பருவத்தின் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும். ஆறு பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் தெரிந்த மூவரோ, ஒருவரையொருவர் தெரியாத மூவரோ கட்டாயம் இருப்பார்கள் என்ற ராம்சே கணக்கையும் விடாதீர்கள். மூவருக்குப் பதில் நால்வர் என்றால் தேவை 18 பேர். ஐவர் என்றால் 43-க்கும் 46-க்கும் இடையில் என்பது வரைதான் இன்றும் உலகுக்குத் தெரியும். பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு முழுமையாகப் புரியும் ஒரு கேள்வி இன்னும் தீராமல் இருக்கிறது என்பது இந்தப் பாடத்தின் பெருமை.

விடைப் புத்தகத்தை எப்போது திறப்பது? ஒரு கணக்கோடு குறைந்தது இரண்டு நாள் இருங்கள். எங்கே நின்றுவிட்டது என்பதை ஒரு வரியாக எழுதுங்கள். பிறகு விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். முழு விடையையும் பார்க்க வேண்டி வந்தால், மறுநாள் பார்க்காமல் அந்த நிரூபணத்தை எழுதுங்கள். அந்தச் சமயத்தில் எந்த இடத்தில் கை நிற்கிறதோ அங்கேதான் கருத்து புரியவில்லை. ஒவ்வொரு தேற்றத்துக்குப் பிறகும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கி, தேற்றம் உடையும் படம் ஒன்றை வரைந்து வையுங்கள். உடையவில்லை என்றால் அந்த நிபந்தனை எதற்கு என்பதே உங்கள் அடுத்த கேள்வி. நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். ஒரு மணி நேரத்தில் மூன்று பக்கங்களுக்கு மேல் நகர்ந்தால் வேகம் அதிகம்.

தனியாகப் படிப்பவருக்கு இல்லாத ஒரே வசதி, எழுதிய நிரூபணத்தைப் படித்துக் குறை சொல்ல இன்னொருவர். இங்கேதான் தங்கள் நாளிதழின் உதவி தேவை. மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கணக்குக்கு இடம் கொடுங்கள். அடுத்த வாரம் விடையை மட்டும் போடாமல், முழு நிரூபணத்தையும், வாசகர்கள் அனுப்பியவற்றில் அடிக்கடி வந்த தவறான நிரூபணம் ஒன்றையும், அது உடையும் இடத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். தவறான நிரூபணம்தான் அதிகம் கற்றுத்தரும். அனுப்பியவர் பெயர் வேண்டாம். கரையோர ஊர்களின் கிளை நூலகங்களில் தனிநிலைக் கணிதப் (டிஸ்கிரீட் மேத்தமெட்டிக்ஸ்) புத்தகம் ஒன்றிரண்டும் ஒரு கரும்பலகையும் இருந்தால், சனிக்கிழமைகளில் நான்கு பிள்ளைகள் கூடி ஒருவர் எழுத மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். மேல்நிலைப் பள்ளிகளின் கணித ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை அங்கே வந்து உட்கார்ந்தாலும் பெரிய உதவி.

முதல் வாரத்துக்கு இந்தக் கணக்கை அனுப்புகிறோம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சில தீவுகளுக்கு இடையே நேரடிப் படகு வழி அமைக்கிறார்கள். எந்த இரு தீவுகளுக்கு இடையிலும் ஒரு வழிக்கு மேல் இல்லை. எப்படி அமைத்தாலும், சம எண்ணிக்கையில் வழிகள் உள்ள இரு தீவுகள் கட்டாயம் இருக்கும் என்று நிறுவுக. ஒரு தீவுக்கு 0 முதல் 20 வரை வழிகள் இருக்கலாம் என்பதால் 21 வெவ்வேறு எண்கள் கிடைப்பதுபோல் தோன்றும். அதைத் தாண்டிச் சிந்திக்க வேண்டும். முதலில் மூன்று தீவுகளை வைத்துத் தொடங்கவும்.

இப்படிக்கு,
கணிதம் கற்பிப்போர் சிலர்,
இராமநாதபுரம் கடற்கரைப் பகுதி